தினம் ஆயிரம் சொல் சரி, தீபாவளிக்கு நிலா எப்படி?

நாவல் எழுதுவது எப்படி என்று சொல்லும் ஒரு கட்டுரை, தினம் 1,000 சொல் எழுதினால் 3 மாதத்தில் நாவல் கையில் என்கிறது. கணக்கு தப்பில்லை. ஆனால் 90,000 சொல் சேர்ந்த பிறகுதான் வேலையே ஆரம்பம். 4ஆம் அத்தியாயத்தில் 'அத்தை' என்று கூப்பிட்டவளை 19ஆம் அத்தியாயத்தில் 'சித்தி' என்பாள் கதாநாயகி. நடுவில் இரண்டு மாதம் ஓடிவிட்டதால் எழுதியவருக்கே ஞாபகம் இருக்காது. பாத்திரத்துக்கு ஒரு பக்கம் என்று தனி நோட்டுப் போடுங்கள்: பிறந்த வருஷம், யாரை என்ன முறை சொல்லி அழைப்பார், எந்த ஊர்ப் பேச்சு. முதல் வரைவு ஓடும்போதே குறிக்கணும், முடித்த பிறகு உட்கார்ந்தால் யாரும் செய்வதில்லை.

இதைவிடப் பெரிய பள்ளம் காலம். தீபாவளி இரவில் நிலா வெளிச்சத்தில் இருவர் நடந்தால் கதை அங்கேயே படுத்துவிடும், அது அமாவாசையை ஒட்டி வருவது. நிலா வேண்டுமென்றால் காட்சியைத் திருக்கார்த்திகைக்குத் தள்ளுங்கள். அதேபோல 1950இல் கடைக்காரரிடம் 'இருபத்தஞ்சு பைசா' நீட்ட முடியாது. நூறு பைசாக் கணக்கு 1957 ஏப்ரலில்தான் வந்தது, அதுவரை நாலணா. (மறுபக்கம் பிரச்சினையில்லை, 'நாலணா' என்ற பேச்சு பிறகும் வெகுகாலம் இருந்தது.)

வட்டார வழக்கைச் சரிபார்க்க, ஒரே பாத்திரத்தின் வசனங்களை மட்டும் முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை வாய்விட்டு வாசியுங்கள். நெல்லைக்காரர் எங்கே கோவைக்காரராக மாறினார் என்று காதுக்கே தெரியும். ஒற்றுப்பிழை பார்ப்பதெல்லாம் கடைசியில். வெட்டப்போகிற பத்திக்குச் சந்தி திருத்தி என்ன பயன்?