பதினாறாம் அத்தியாயத்தை யாரை நோக்கிப் படிக்கிறோம்?

வாக்குவாதம் கொஞ்சம் முற்றினால் போதும், எதிரில் இருப்பவரை "அசுரன்" என்று சொல்லி, ஆதாரத்துக்கு, தேவ இயல்பையும் அசுர இயல்பையும் பற்றிப் பேசும் கீதையின் 16ஆம் அத்தியாயத்திலிருந்து ஒரு சுலோகத்தையும் எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். கட்சி, சாதி, மதம் என்று எந்தச் சண்டையானாலும் இதே கதைதான். அந்த அத்தியாயத்தை மதித்துப் படிக்கிறவன் என்ற முறையில் எனக்கு இது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

முதலில் ஒன்று. நம் நூல்களில் அசுரர்கள் எங்கிருந்தோ வந்த அந்நியர்கள் இல்லை. காசியப முனிவருக்கு மனைவி அதிதியிடம் பிறந்தவர்கள் தேவர்கள், திதியிடம் பிறந்தவர்கள் தைத்தியர்கள், தனுவிடம் பிறந்தவர்கள் தானவர்கள். அசுரர்கள் என்பது இந்தத் தைத்தியர்களையும் தானவர்களையும்தான். தகப்பன் ஒருவர்தான். அந்தத் தைத்தியர் குலத்தையே வரிசையாகப் பாருங்கள்: இரணியகசிபு, அவன் மகன் பிரகலாதன், அவன் மகன் விரோசனன், அவன் மகன் மகாபலி. ஒரே ரத்தம், ஆனால் ஒருவரைப் போல் இன்னொருவர் இல்லை. "தைத்தியர்களில் நான் பிரகலாதன்" என்று 10ஆம் அத்தியாயத்தில் கண்ணனே சொல்லிவிட்டான். இராவணனோ புலஸ்திய முனிவரின் பேரன், வேதம் கற்றவன். தவத்திலும் அசுரர்கள் குறைந்தவர்கள் இல்லை. இரணியகசிபுவின் தவத்துக்குப் பிரம்மாவே இறங்கி வந்தார். ஆக குலம், படிப்பு, பக்தி எதை வைத்தும் இவன் அசுரன், இவன் இல்லை என்று பிரிக்க முடியாது.

பிறகு எதை வைத்துத்தான் பிரிப்பது? 16ஆம் அத்தியாயத்தில் 13 முதல் 15 வரை உள்ள மூன்று சுலோகங்களை நிதானமாகப் படியுங்கள். அங்கே அசுர மனம் தானே பேசுகிறது. "இன்று இது எனக்குக் கிடைத்தது. அடுத்து அதையும் அடைவேன். இந்தச் செல்வம் என்னுடையது, அதுவும் என்னுடையதாகும். இந்தப் பகைவனைக் கொன்றேன், மற்றவர்களையும் கொல்வேன். நானே ஈசுவரன், நானே அனுபவிப்பவன், நான் பலசாலி, நான் சுகவாசி. எனக்கு நிகர் வேறு யார்? யாகம் செய்வேன், தானம் கொடுப்பேன், மகிழ்ந்திருப்பேன்."

கடைசி வரியில் நான் எப்போதும் நின்றுவிடுவேன். யாகமும் தானமும் அந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன! கொலையைச் சொன்ன அதே வாய், அதே தொனியில் தானத்தையும் சொல்கிறது. செயல் நல்லதாகவே இருந்தாலும் அதைச் செய்கிற "நான்" மட்டும் ஊதிக்கொண்டே போகிறது. பெயருக்காகவும் ஆடம்பரத்துக்காகவும் செய்யும் யாகத்தை 17ஆம் சுலோகம் தனியாகவே கண்டிக்கிறது. இந்த வரிகளைப் படிக்கும்போது எனக்கு அடுத்தவர் முகம் நினைவுக்கு வருவதில்லை, என் சொந்த மனதின் பேச்சுத்தான் கேட்கிறது.

சாந்தோக்கிய உபநிடதத்தில் ஒரு கதை உண்டு. இந்திரனும் விரோசனனும் ஆத்மாவை அறிய, படைப்புக் கடவுளான பிரஜாபதியிடம் போய் 32 ஆண்டுகள் தங்குகிறார்கள். நன்றாக உடுத்தி அலங்கரித்துக்கொண்டு தண்ணீரில் உங்களைப் பாருங்கள் என்கிறார் அவர். தெரிந்த உருவம்தான் ஆத்மா என்று இருவரும் திருப்தியாகக் கிளம்புகிறார்கள். விரோசனன் நேராகப் போய் "இந்த உடம்பையே போற்றுங்கள்" என்று அசுரர்களுக்கு உபதேசம் செய்துவிடுகிறான். இந்திரனுக்கோ பாதி வழியிலேயே சந்தேகம்: உடம்பு அழிந்தால் இதுவும் அழியுமே? திரும்பி வருகிறான். மறுபடி மறுபடி வந்து மொத்தம் 101 ஆண்டுகள் அங்கே கழிக்கிறான். முதல் தடவை ஏமாந்ததில் இருவரும் சமம்தான். தனக்குப் பிடித்த பதில் கிடைத்ததும் விரோசனன் கேள்வியையே நிறுத்திவிட்டான், அவ்வளவுதான் வித்தியாசம்.

பிருகதாரண்யக உபநிடதத்தில் தேவர், மனிதர், அசுரர் மூவருமே பிரஜாபதியின் பிள்ளைகள். மூவருக்கும் "த" என்ற ஒரே எழுத்தைத்தான் உபதேசிக்கிறார். தமம், அதாவது அடக்கம் வேண்டும் என்று தேவர்களும், தானம் வேண்டும் என்று மனிதர்களும், தயை வேண்டும் என்று அசுரர்களும் எடுத்துக்கொள்கிறார்கள். அசுரனையும் உட்காரவைத்துப் பாடம் சொல்லுகிற மரபு இது. தேவர் அசுரர் என்று மனிதருக்கு வெளியே யாரும் இல்லை, அடக்கமின்மை, பேராசை, கொடுமை என்ற மூன்று குறைகளும் மனிதர்களிடமே இருப்பவை என்று சங்கரரும் இந்த இடத்தில் பொருள் கொள்ள இடம் தருகிறார்.

நகுஷன் என்ற அரசனையும் சொல்லாமல் விட முடியாது. இந்திரன் ஒளிந்திருந்த காலத்தில் தேவர்களும் ரிஷிகளும் சேர்ந்து அந்த மனிதனைத் தேவலோக அரியணையில் உட்காரவைத்தார்கள். நல்லவன் என்று நம்பித்தான் வைத்தார்கள். ஆட்சி கைக்கு வந்ததும் இந்திராணி வேண்டும் என்றான், ரிஷிகளைப் பல்லக்கு சுமக்கவைத்தான், கடைசியில் அகத்தியர் தலையிலேயே காலை வைத்து, அவர் சாபத்தால் பாம்பாக விழுந்தான். அசுரன் என்று அவனை யாரும் அழைக்கவில்லை. இந்தப் பக்கம் அரக்கனான கும்பகருணன், கம்பனில், அண்ணன் சபையிலேயே எழுந்து "பேசுவது மானம், இடை பேணுவது காமம்" என்று முகத்துக்கு நேரே சொல்கிறான்!

சரி, எதிர்வாதமும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. கீதையின் அதே 16ஆம் அத்தியாயத்தில், 19ஆம் சுலோகத்தில், இப்படிப்பட்டவர்களை அசுர யோனிகளிலேயே, அதாவது அசுரப் பிறவிகளிலேயே தள்ளுகிறேன் என்று கண்ணன் சொல்வது கடுமையான பேச்சு. உயிர்களில் இயல்பிலேயே உயர்வு தாழ்வு என்ற தரம் உண்டு என்று துவைத ஆசாரியரான மத்வரின் மரபு சொல்கிறது. அதையும் மரியாதையோடுதான் கேட்கிறேன். ஆனால் அடுத்த இரண்டே சுலோகத்தில் காமம், குரோதம், லோபம் மூன்றும் நரகத்தின் வாசல்கள், அவற்றை விட்டுவிடு என்கிறான். அவற்றிலிருந்து விடுபட்டவன் தனக்கு நல்லது செய்துகொண்டு மேலான கதியை அடைகிறான் என்று 22ஆம் சுலோகம் முடிகிறது. மாறவே முடியாதவனிடம் விட்டுவிடு என்று யாராவது சொல்வார்களா? அதனால்தான் என் வாசிப்பு அந்த 22ஆம் சுலோகத்தின் பக்கம் நிற்கிறது. 19ஐ வேறு விதமாகப் படித்தவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள், பேசலாம்.