சுகர் என்றதும் ஏன் காலை எடுத்த கதை?

நமக்குச் சுகர் என்று தெரிந்தால் போதும், கதை சொல்ல ஒருவர் வந்துவிடுவார். "எங்க பெரியப்பாவுக்குக் காலையே எடுத்துட்டாங்க", "அவருக்குக் கண்ணு போனதே இதனாலதான்". நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் பயந்தவர் முதலில் கைவிடுவது இனிப்பை அல்ல, டெஸ்ட் எடுப்பதைத்தான். ரிசல்ட்டில் ஏதாவது வந்துவிட்டால் என்ன செய்வது என்று தள்ளிப்போடுவார். எனக்கும் சுகர் உண்டு, அந்த மனநிலை தெரியும்.

பயம் வேண்டாம் என்று நான் சொல்வது வெறும் ஆறுதல் இல்லை. 1993-இல் வெளியான டிசிசிடி என்ற பெரிய மருத்துவ ஆய்வில் டைப் 1, அதாவது உடலில் இன்சுலின் சுரப்பு நின்றுபோகும் வகைச் சுகர் உள்ள 1,441 பேர் இருந்தார்கள். சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண் விழித்திரை பாதிப்பு புதிதாக வரும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்தது. பெரும்பாலானோருக்கு வரும் டைப் 2-க்கு பிரிட்டனின் யுகேபிடிஎஸ் ஆய்வு இருக்கிறது. அதில் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஏ1சி ஒரு புள்ளி குறைவாக இருந்தவர்களுக்கு, கண், சிறுநீரகம் போன்ற சிறு ரத்தக்குழாய்ச் சிக்கல்கள் 37 சதவீதம் குறைவாக இருந்தன. எனக்கு இதில் பிடித்தது அந்த 'ஒரு புள்ளி'தான். ஒன்பதிலிருந்து எட்டுக்கு வந்தாலும் லாபம். நூற்றுக்கு நூறு வாங்கத் தேவையில்லை.

அதற்காகக் கண்மூடித்தனமாகக் குறைப்பதும் ஆபத்து. அதே டிசிசிடியில், இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குச் சர்க்கரை கடுமையாகத் தாழ்ந்துபோவது சுமார் மூன்று மடங்கு அதிகம். எத்தனைக்குள் வைக்க வேண்டும் என்பதை டாக்டரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்தும் சிலருக்குச் சிக்கல் வரத்தான் செய்கிறது. அது அவர்கள் குற்றமில்லை. சீக்கிரம் தெரிந்தால் செய்ய நிறைய இருக்கிறது. விழித்திரைக்கு லேசரும் ஊசியும் உண்டு. சிறுநீரகத்துக்கு, ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறுவதற்கு முன்பே சிறுநீரில் கசியும் ஆல்புமின் என்ற புரதம் பாதிப்பைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் கட்டத்தில் பாதிப்பை மெதுவாக்கும் மாத்திரைகள் இருக்கின்றன.

பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்று பார்க்கும் கால் டெஸ்ட்டை நினைத்துப் பயப்படுபவர்களுக்கு: கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மெல்லிய நைலான் இழையைப் பாதத்தில் அங்கங்கே வைத்து, அது வளையும் வரை லேசாக அழுத்துவார்கள். பட்டது தெரிகிறதா என்று கேட்பார்கள். தெரிந்தால் "ம்" சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வலிக்காது.

கண் டெஸ்ட்டுக்கு மட்டும் துணைக்கு ஆள் கூட்டிப் போங்கள். சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும், எழுத்து மங்கும். வண்டி ஓட்ட முடியாது.