பழைய லேப்டாப்பா? முதலில் தூசு தட்டுங்கள்

அக்கா மகன் உயர்நிலை இரண்டில் படிக்கிறான். அவன் கையில் இருப்பது அத்தான் 2014இல் வாங்கிய லேப்டாப். 2025 அக்டோபரோடு விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்தது, 11 அதில் ஏறாது. ஒரு கடையில் கேட்டதற்கு, மின்கழிவுப் பெட்டியில் போடச் சொல்லிவிட்டார்களாம். "மாமா, லினக்ஸ் போட்டா கேம் ஓடுமா?" என்று என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தான்.

விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச லினக்ஸில், பழைய கணினிக்கு ஏற்ற இலகுவான வகையான மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போட்டேன். ஓடியது, ஆனால் பத்து நிமிடத்தில் திணறல். பையன் உடனே யூடியூபைப் பார்த்து, டெர்மினல் என்கிற கட்டளைத் திரையில் கட்டளைகளை ஒட்ட ஆரம்பித்துவிட்டான். ஆட்ட வேகத்துக்கென்று கேம்மோட், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் புதுசு, இன்னும் என்னென்னவோ. எனக்கு இந்த மந்திர வியாபாரத்தில் நம்பிக்கையே இல்லை. கேம்மோட் முக்கியமாகச் செய்வது பிராசசரை முழு வேகத்தில் பிடித்து வைப்பது. ஏர்கான் போடாத வீவக அடுக்குமாடி வீட்டு அறையில், ஏற்கெனவே 95 டிகிரியில் கொதிக்கிற பிராசசருக்கு அது எதற்கு? சூடு எல்லை மீறினால் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பத்து நிமிடத் திணறலின் ரகசியம் அவ்வளவுதான். அடிமூடியைக் கழற்றினால், விசிறிக்குப் பக்கத்தில் கம்பளி மாதிரி தூசு! துடைத்து, பிராசசரின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகத் தடவியதும் 78க்கு இறங்கியது.

அடுத்தது ரேம். இதை ஏனோ பலர் கண்டுகொள்வதே இல்லை. இந்த மாதிரி லேப்டாப்பில் தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. இன்டெல் கிராஃபிக்ஸுக்குச் சொந்த நினைவகமும் இல்லை, ரேமில்தான் பங்கு கேட்கும். ஒரே ரேம் என்றால் ஒற்றையடிப் பாதை, இரண்டு போட்டால் பாதை இருமடங்கு அகலம். கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்கொயரில் பழைய 4 ஜிபி டிடிஆர்3எல் ரேம் ஜோடி ஒன்றை வாங்கி, அதில் ஒன்றைச் செருகினேன். 720பி திரையளவில் நொடிக்கு 24 ஃபிரேமில் நொண்டிய ஆட்டம் 35ஐத் தொட்டது. எந்தக் கட்டளையும் இதைச் செய்திருக்காது.

அப்புறம் ஒரு சிக்கல். சில விண்டோஸ் ஆட்டங்கள் திறக்கவே இல்லை. ஸ்டீம் என்ற ஆட்டக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் புரோட்டான்தான் விண்டோஸ் ஆட்டங்களை லினக்ஸில் ஓட்டும் மென்பொருள். அது விண்டோஸின் கிராஃபிக்ஸ் மொழியான டைரக்ட்3டியை, டிஎக்ஸ்விகே என்ற மொழிபெயர்ப்பான் வழியாக, லினக்ஸுக்குப் புரியும் வல்கனுக்கு மாற்றித்தான் ஓட்டுகிறது. இப்போதைய டிஎக்ஸ்விகே வல்கன் 1.3 கேட்கும், இந்த லேப்டாப்பின் பழைய இன்டெல் ஹாஸ்வெல் சிப்பில் அது இல்லை. "லினக்ஸில் கேம் ஓடாது" என்று பலர் கைகழுவுவது இந்த இடத்தில்தான். ஸ்டீமில் அந்த ஆட்டத்துக்கு மட்டும் வைன்டி3டி என்ற இன்னொரு மொழிபெயர்ப்பானைத் தேர்ந்தெடுத்தால், வல்கனுக்குப் பதில் அதைவிடப் பழைய ஓப்பன்ஜிஎல் வழியாக ஓடும். வேகம் கொஞ்சம் குறைவு, சரி, பழைய ஆட்டங்களுக்குப் போதும்.

அவனுக்குப் பிடித்த வேலோரன்ட் என்ற ஆன்லைன் துப்பாக்கி ஆட்டம் மட்டும் ஓடாது. அதன் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளுக்கு விண்டோஸ்தான் வேண்டும். பையனுக்கு வருத்தம், அக்காவுக்கு ஏக சந்தோஷம்.

கடைக்காரர் ரேமை ஜோடியாகத்தான் தருவேன் என்று தலையில் கட்டிவிட்டார். மிச்சம் ஒன்று சும்மா கிடக்கிறது, வேண்டியவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள். ஈசூன் எம்ஆர்டியில் வந்து வாங்கிக்கொள்ளலாம்.