ஓ'டூல் எழுப்பும் பேருந்துக் கேள்வி

ரண்டால் ஓ'டூல் என்ற பெயரைச் சொன்னாலே அமெரிக்காவின் பொதுப் போக்குவரத்து ஆர்வலர்கள் முகம் சுளிப்பார்கள். கேட்டோ இன்ஸ்டிடியூட் என்னும், அரசின் தலையீடு குறைய வேண்டும் என்று வாதிடும் லிபர்டேரியன் ஆய்வு நிறுவனத்தில் நெடுங்காலம் கொள்கை ஆய்வாளராக இருந்த அவர், நகர ரயில் திட்டங்கள் வரிப்பணத்தை விழுங்குவதாகப் பல ஆண்டுகளாக எழுதி வருகிறார். ரயில் மீது அவருக்கு வெறுப்பு எதுவும் இல்லை. பழைய நீராவி எஞ்சின் ஒன்றை மீண்டும் ஓடவைத்த தன்னார்வலர்களில் அவரும் ஒருவர். அவருடைய முடிவுகளில் பெரும்பாலானவற்றை நான் ஏற்பதில்லை. ஆனாலும் ரயிலுக்குப் பணத்தைக் கொட்டும்போது பேருந்துப் பயணிகளுக்கு என்ன ஆகிறது என்று அவர் கேட்கும் கேள்விக்கு, பொதுப் போக்குவரத்தை விரும்பும் நாம் பதில் சொல்லியாக வேண்டும்.

ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரம் 1970-களில் மவுண்ட் ஹுட் நெடுஞ்சாலைத் திட்டத்தைக் கைவிட்டது. அப்படிக் கைவிட்ட சாலைக்குரிய மத்திய அரசுப் பணத்தைப் பொதுப் போக்குவரத்துக்குத் திருப்பிக்கொள்ள 1973-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தந்தது. ஆனால் அதைக் கட்டுமானம் போன்ற மூலதனச் செலவுக்குத்தான் பயன்படுத்தலாம், ஓட்டுநர் சம்பளத்துக்கோ டீசலுக்கோ தொடக் கூடாது. அத்தனை பணத்துக்கும் பேருந்துகளை வாங்கி நிறுத்தினால் அவற்றை ஓட்டக் கையில் காசிருக்காது. ஆகவே, கட்டுமானச் செலவு அதிகம் என்பதே இலகு ரயிலுக்கு, அதாவது நகருக்குள் ஓடும் சிறிய மின்சார ரயிலுக்கு, தகுதியாகிவிட்டது என்கிறார் ஓ'டூல். புறநகரான கிரஷாமுக்கான முதல் தடம் 1986-இல் திறக்கப்பட்டது.

பேருந்தை விட்டு ரயிலுக்கே பணம் போகும் இதே குறையை லாஸ் ஏஞ்சல்ஸில் சுட்டிக்காட்டியவர்கள் இடதுசாரிகள். 1994-இல் அந்நகரப் போக்குவரத்து ஆணையம் பேருந்துக் கட்டணத்தை உயர்த்தவும் 42 டாலர் மாதப் பாஸை நிறுத்தவும் முடிவெடுத்த அதே வேளையில், பாசடீனா ரயில் தடத்துக்குப் பணம் ஒதுக்கியது. பேருந்துப் பயணிகள் சங்கம் நீதிமன்றம் சென்றது. 1996-இல் எட்டப்பட்ட உடன்பாட்டால் பாஸ் தப்பியது. நெரிசல் நேரத்தில் ஒரு பேருந்தில் நின்று பயணிப்போர் சராசரியாக 8 பேருக்கு மேல் போகாதபடி படிப்படியாகக் கூட்டத்தைக் குறைக்கவும் ஆணையம் ஒப்புக்கொண்டது. அந்த எட்டு என்ற எண் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. எட்டுப் பேர் நின்றால் யாரும் யாரையும் இடிக்காமல் இறங்கிவிடலாம். முப்பது பேர் நின்றால், இரவெல்லாம் அலுவலகங்களைத் துடைத்துவிட்டு மடியில் பையோடு கண்ணயர்ந்த பெண், தன் நிறுத்தத்தில் எழுந்து கதவை எட்டுவதற்குள் வண்டி கிளம்பிவிடும்.

ஓ'டூலிடமிருந்து நான் விலகுவதும் அந்தப் பெண்ணை முன்னிட்டுத்தான். எல்லோரிடமும் கார் இருப்பதே விடுதலை என்பது அவர் நிலைப்பாடு. முதியோரும் பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் சிறுவர்களும் அந்த விடுதலைக்குள் எப்படி வருவார்கள்? சாலையும் தன் செலவைத் தானே ஈட்டிக்கொள்வதில்லை. மத்திய அரசின் பெட்ரோல் வரி 1993 முதல் ஒரு கேலனுக்கு 18.4 சென்ட்டிலேயே நிற்கிறது. அந்த வரியை நம்பியிருக்கும் நெடுஞ்சாலை நிதியத்துக்கு 2008 முதல் பொது வருவாயிலிருந்து பணம் போகிறது. ஓட்டும் தூரத்துக்கேற்பக் கட்டணம் வாங்கலாம் என்று அவரே சொல்லியிருக்கிறார், அது நியாயமான யோசனை. ஆனால் பேருந்து இல்லாத ஊரில் அந்தக் கட்டணமும் ஏழையின் தலையில்தான் விழும்.

புதிய ரயில் தடத்துக்கு மக்களிடம் வாக்குக் கேட்கும் நகரம், அடுத்த இருபது ஆண்டுகளுக்குத் தன் பேருந்துகள் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வரும் என்பதையும் அதே திட்ட அறிக்கையில் எழுதித் தர வேண்டும், இரவு பத்து மணிக்குப் பிந்தைய வண்டிகள் உட்பட.