பெருவிரல் விவகாரம்

(கோவில்பட்டியில் ஒரு கடலைமிட்டாய்க் கடை. கல்லாவில் அண்ணாச்சி. வலது கால் பெருவிரலில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டு. டெய்லர் முருகன் வருகிறார்.)

முருகன்: அண்ணாச்சி, கடலைமிட்டாய் ஒரு கால் கிலோ... (குனிந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொள்கிறார்.)

அண்ணாச்சி: நீயுமா? காலையிலிருந்து வருகிறவன் போகிறவன் எல்லாம் காலைப் பார்த்துத்தான் சிரிக்கிறான். பால்காரன், “கடித்தது யாரு?” என்கிறான். எதிர்வீட்டு ஆச்சி என் விரலைப் பார்த்ததும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடுகிறாள். மண்டைவெல்லம் விழுந்து நகம் பெயர்ந்ததற்கும் அவள் காதுக்கும் என்னய்யா சம்பந்தம்?

முருகன்: அப்போ நீங்கள் இன்னும் படிக்கவில்லை.

அண்ணாச்சி: எதை?

முருகன்: சரியாப் போச்சு. ஊரே இந்த மாதம் எழுத்தாளர் கி. ராஜநாராயணன், அதான் நம்ம கி.ரா., அவரோட ‘கோபல்ல கிராமம்’ நாவலைப் படித்துக்கொண்டிருக்கிறது. நூலகத்து அம்மா போட்ட ஏற்பாடு. ஊர் முழுக்க ஒரே புத்தகம். சலூனில் ஒன்று, ஆட்டோ ஸ்டாண்டில் ஒன்று. டீக்கடையில் யாரும் சுட்டுவிடாமல் சணல் கயிற்றில் கட்டித் தொங்குகிறது.

அண்ணாச்சி: ஓகோ! அதுதான் சலூன்காரன் எனக்கு ஒரு பக்க மீசையை வெட்டிவிட்டு, “இருங்க, இந்தப் பக்கத்தை முடிச்சிடுறேன்” என்றானா? நான் மீசையைச் சொல்கிறான் என்று நினைத்தேன். முக்கால் மணி நேரம்!

முருகன்: அமெரிக்காவில் சியாட்டில் என்கிற ஊரில் 1998-லேயே இப்படி ஆரம்பித்துவிட்டார்களாம். அங்கேயும் ஒரு நூலகத்து அம்மாதான்.

அண்ணாச்சி: அந்த ஊரில் மீசைக்காரர்கள் என்ன பாடுபட்டார்களோ.

முருகன்: நமக்கு அதைவிட வசதி. எழுதினவர் பக்கத்து இடைசெவல்காரர். ஆனால் வம்பும் அதுதான். ஆளாளுக்கு, “இதில் வருவது எங்க தாத்தா” என்று கிளம்பிவிட்டார்கள். ஆந்திராவிலிருந்து தப்பி வந்த கதையைச் சொல்கிற ஒரு கிழவி, மங்கத்தாயாரம்மா. நூறு வயதைத் தாண்டியவள். அந்த ஒரு கிழவிக்கு மட்டும் மூன்று தெருவில் பேரன்கள். போன ஞாயிறு கூட்டத்தில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். மறுநாள் நான்தான் பித்தான் தைத்தேன்.

அண்ணாச்சி: நமக்கு இதெல்லாம் ஒத்துவராதப்பா. நான் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காதவன்.

முருகன்: கி.ரா. ஒதுங்கினாராம். ஆனால் பள்ளிக்கூடத்தைப் பார்க்காமல் மழையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். அவருக்குத்தான் 1991-ல் சாகித்திய அகாதெமி விருது.

அண்ணாச்சி: அடடே, நம்ம ஆள்! அது இருக்கட்டும், என் விரலுக்கு வா.

முருகன்: கதையில் ஒரு பெண் தண்ணீர் குடிக்க இறங்குகிறாள். காது நகைக்காக ஒரு திருடன் அவளைத் தண்ணீருக்குள் அமுக்குகிறான். அவள் அவனுடைய கால் பெருவிரலைக் கவ்விக்கொள்கிறாள். உயிர் போன பிறகும் பல் விடவில்லை. அப்படியே மாட்டிக்கொள்கிறான்.

அண்ணாச்சி: (காலை மெதுவாக ஸ்டூலுக்கு அடியில் இழுத்துக்கொண்டு) அப்போ அந்த ஆச்சி காதைப் பொத்தினது...

முருகன்: கம்மல் அண்ணாச்சி. தாத்தாவுக்கெல்லாம் பேரன்கள் கிடைத்துவிட்டார்கள். திருடனுக்குத்தான் இதுவரை யாரும் உரிமை கொண்டாடவில்லை. காலையில் நீங்கள் கட்டோடு வந்து கடை திறந்தீர்கள்.

அண்ணாச்சி: ஒரு புத்தகத்தால் ஒரு ஊரே சேர்ந்து ஒருத்தனைத் திருடன் ஆக்குமா? நான் எடை குறைத்தேன் என்று எவனாவது சொன்னது உண்டா?

முருகன்: அதுவும் பேச்சு வந்தது. அது வேறு கூட்டத்தில்.

அண்ணாச்சி: அந்த அம்மாவிடம் சொல்லி வேறு புத்தகத்துக்கு மாற்றச் சொல்.

முருகன்: அடுத்த மாதம் கு. அழகிரிசாமி. அவரும் இடைசெவல்தான், கி.ரா. பிறந்த அதே 1923. இந்த மாதம் முடிய இன்னும் பத்து நாள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அந்தத் திருடன் கட்டத்தை நடித்துக்காட்டப் போகிறார்கள். ஆள் தேடுகிறார்கள். உங்களைக் கேட்கச் சொன்னார்கள்.

அண்ணாச்சி: நடிப்பா? (மீசையைத் தடவுகிறார், ஒரு பக்கம்தான் சரியாக இருக்கிறது.) ம்... கடைசியில் அந்தத் திருடனை என்ன செய்கிறார்கள்?

முருகன்: கழுவில் ஏற்றிவிடுகிறார்கள்.

(சற்று நேரம் மௌனம். தராசுத் தட்டு மட்டும் ஆடுகிறது.)

அண்ணாச்சி: முருகா, நீ டெய்லர்தானே?

முருகன்: ஆமாம்.

அண்ணாச்சி: கத்தரிக்கோல் வைத்திருக்கிறாயா? முதலில் இந்தக் கட்டை வெட்டு.