பத்து வெற்றிக்குச் சை யங் விருதா? டிக்ராம் குறித்த உண்மை விளக்கம்

2018-இல் அமெரிக்க பேஸ்பாலில், நியூயார்க் மெட்ஸ் அணியின் பிட்ச்சர் (பந்து வீசுபவர்) ஜேக்கப் டிக்ராம் வெறும் 10 வெற்றிகளுடன், நேஷனல் லீக் என்ற பிரிவின் சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருதைப் பெற்றதற்குக் கணினிச் சூத்திரங்களே காரணம் என்றும், பழைய புள்ளிவிவரப்படி 18 வெற்றி பெற்ற இன்னொரு பிட்ச்சர் மேக்ஸ் ஷெர்சருக்கே அது உரியது என்றும் ஒரு தகவல் பரவுகிறது. இது தவறு.

ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்ச்சர் விட்டுக்கொடுக்கும் ரன்களின் (ஃபீல்டிங் பிழைகளால் வந்தவை நீங்கலாக) சராசரியை நேஷனல் லீக் 1912-லேயே அதிகாரபூர்வமாக ஏற்றது. குறைவாக இருந்தால் சிறப்பு என்ற அந்தப் பழைய அளவுகோலில் டிக்ராம் 1.70, ஷெர்சர் 2.53. ஸ்டிரைக் அவுட்டில் (மூன்று ஸ்டிரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது) ஷெர்சர் முந்தினார்: அவர் 300, டிக்ராம் 269.

'வெற்றி' என்ற கணக்குதான் ஏமாற்றுகிறது. தொடக்கப் பிட்ச்சர் பொதுவாகக் குறைந்தது ஐந்து இன்னிங்ஸ் வீசி, அணி முன்னிலையில் இருக்கும்போது வெளியேறி, அந்த முன்னிலை கடைசிவரை நிலைத்தால்தான் வெற்றி அவர் பெயரில் சேரும். எட்டு இன்னிங்ஸில் ஒரே ரன் கொடுத்தவர், தன் அணியினர் ஒரு ரன்கூட எடுக்காவிட்டால் தோற்றவராகிறார். ஆறு ரன் கொடுத்தவரோ, அணி பத்து ரன் குவித்தால் வென்றவராகிவிடலாம். டிக்ராமின் உழைப்பை இந்தக் கணக்கால் குறைப்பது, என் பார்வையில், பெரும் அநீதி. வாக்களித்தவர்களும் கணினிகள் அல்லர். பேஸ்பால் செய்தியாளர்கள் 30 பேரில் 29 பேர் அவரையே முதலிடத்தில் வைத்தனர்.