தேதியைப் பார்த்தா மதகைத் திறப்பது?

புயல் முன்கணிப்பு ஆராய்ச்சிக்கு அரசுப் பணம் வீண் என்பவர்கள் கலிபோர்னியாவில் அணை கட்டித் தேக்கிய மென்டோசினோ ஏரியைப் பார்க்கட்டும். 2012 டிசம்பரில் கொட்டிய மழையில் நீர்மட்டம் ஏறியது. வெள்ளத்துக்கு இடம் வேண்டும் என்று, இந்தத் தேதியில் இவ்வளவு தண்ணீர்தான் இருக்கலாம் என்ற பழைய விதிப்படி, அங்கே வெள்ளநீர்த் திறப்பைக் கவனிக்கும் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை தண்ணீரைத் திறந்துவிட்டது. சரி, அடுத்து மழை வந்ததா? 2013 முழுக்கக் கடும் வறட்சி! அப்புறம்தான் ஸ்க்ரிப்ஸ் கடலியல் நிறுவனம் முதலானோரின் முயற்சியில், மழை முன்கணிப்பையும் பார்த்து மதகைத் திறக்கும் முறை வந்தது. இதற்காகப் பசிபிக் கடல்மேல் விமானத்தில் பறந்து, ‘வளிமண்டல ஆறு’ எனப்படும், கனமழை கொண்டுவரும் ஈரக்காற்றுப் பட்டைக்குள் அளவுக் கருவிகளைப் போடுகிறார்கள். (மேகத்துக்கு அடியில் நடப்பதைச் செயற்கைக்கோள் சரியாகக் காட்டாதே.) 2020இல் இந்த முறையால் கூடுதலாகத் தேங்கிய தண்ணீர் சுமார் 11,000 ஏக்கர்-அடி (ஓர் ஏக்கர் பரப்பில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் ஓர் ஏக்கர்-அடி). அணையை ஓர் அடிகூட உயர்த்தவில்லை. விமானச் செலவைக் கணக்குப் பார்ப்பவர்கள் அந்தத் தண்ணீரின் விலையையும் சேர்த்துச் சொல்லட்டும்.